நோயும் ஓட்டுநர் உரிமமும்: அடிக்கடி எழும் கேள்விகள்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் உணவையும் மாத்திரைகளையும் பற்றியவை. "இனி எப்போது வண்டி ஓட்டலாம்?" என்று கேட்பவர்கள் சிலரே. கேட்டால் "ஓட்டக் கூடாது" என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள் ஏராளம். அவர்களுடைய வீட்டில் அடுப்பு எரிவது அந்த உரிமத்தை நம்பித்தான்.

ஜோலார்பேட்டை சந்திப்பின் வழியாக ரயில்களை இயக்கும் லோகோ பைலட்டுகளுக்குப் பார்வை, நிறம் அறியும் திறன், உடல்நலம் ஆகியவை பணிக்காலம் முழுவதும் குறித்த இடைவெளிகளில் சோதிக்கப்படுகின்றன. வயது ஏற ஏற அந்த இடைவெளி குறைகிறது. சாலையில் ஓட்டுபவருக்கோ உரிமம் பெறும்போதும் புதுப்பிக்கும்போதும் மட்டுமே இக்கேள்வி எழுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் நோய் வந்தால், ஓட்டலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நோயாளியும் அவருடைய மருத்துவரும்தான். அந்த உரையாடலுக்கு உதவும் நோக்கில் இவ்விடைகள் எழுதப்பட்டுள்ளன.

உரிமத்துக்கான மருத்துவப் படிவங்கள் எவை?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இரண்டு படிவங்களைக் குறிப்பிடுகின்றன. படிவம் 1 என்பது விண்ணப்பதாரர் தம் உடல்நிலையைப் பற்றித் தாமே அளிக்கும் உறுதிமொழி. படிவம் 1ஏ என்பது மருத்துவர் பரிசோதித்து அளிக்கும் சான்றிதழ். பயணிகள் வாகனம், சரக்கு வாகனம் ஆகியவற்றை ஓட்டுபவர்களுக்கும் 40 வயதைக் கடந்தவர்களுக்கும் இச்சான்றிதழ் தேவைப்படும்.

படிவம் 1 கேட்பவை எளிய கேள்விகள். வலிப்போ, திடீரென நினைவிழத்தலோ, தலைசுற்றலோ உண்டா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையை, தேவையானால் கண்ணாடி அணிந்து, படிக்க முடிகிறதா? கை, கால்களில் இழப்போ வலுக்குறைவோ உண்டா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா? மாலைக்கண் உண்டா? ஒலி எழுப்பினால் காது கேட்கிறதா? பலர் இவற்றைப் படிக்காமலேயே கையொப்பம் இடுகின்றனர். வீட்டில் ஒருமுறை அமைதியாகப் படித்துப் பார்த்தால், மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

உரிமம் எத்தனை ஆண்டுகள் செல்லும்?

2019 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின், சொந்தப் பயன்பாட்டு வாகன உரிமத்தை 30 வயதுக்குள் பெற்றால் அது 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் பெற்றால் பத்தாண்டு. 50 முதல் 55 வயதுக்குள் பெற்றால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தாண்டு. போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டு. காலாவதி நாளுக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டுநர் தேர்வு எழுத நேரும். நீண்ட நாள் சிகிச்சையில் இருப்பவர்களின் குடும்பத்தார் இந்தத் தேதியைக் கவனித்துக்கொள்வது நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர் ஓட்டலாமா?

பெரும்பாலோர் ஓட்டலாம். இங்கே உயர்ந்த சர்க்கரையைவிடத் திடீரெனத் தாழும் சர்க்கரையே ஆபத்து. இன்சுலின் ஊசியும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளாமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடும். மெட்பார்மின் மட்டும் உட்கொள்பவருக்கு இவ்வபாயம் மிகக் குறைவு. விடியற்காலை வேனை எடுக்க வேண்டிய அவசரத்தில் மருந்தைப் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போடுவது மிகவும் ஆபத்தான பழக்கம். மருந்து தன் வேலையைத் தொடங்கிவிடும். உணவு வந்து சேர்ந்திருக்காது.

இன்சுலின் போடுபவர்கள் வண்டியை எடுக்குமுன் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். அளவு 90 மி.கி.க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதேனும் உண்ண வேண்டும். 70 மி.கி.க்குக் கீழே இருந்தால் ஓட்டவே கூடாது. ஓட்டும்போது வியர்வை, நடுக்கம், கடும்பசி, பார்வை மங்கல் தோன்றினால் உடனே ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். அளவு சீரானாலும் மூளை முழுமையாகத் தெளிய நேரம் பிடிக்கும். 45 நிமிடம் கழித்தே மீண்டும் ஓட்ட வேண்டும். பல்லாண்டுகளாக நோய் உள்ள சிலருக்கு இந்த எச்சரிக்கை அறிகுறிகளே தோன்றாமல் போகும். அவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி வண்டியைத் தொடக் கூடாது.

வலிப்பு வந்தவர் ஓட்டலாமா?

இதுவே மிகக் கடினமான கேள்வி. வலிப்பு உண்டா என்று படிவம் நேரடியாகக் கேட்கிறது. "ஆம்" என்ற விடை உரிமம் மறுக்கப்படக் காரணமாகும். பிரிட்டனில் வலிப்பு நோய் உள்ளவர் ஓராண்டு வலிப்பின்றி இருந்தால் கார் ஓட்ட அனுமதிக்கப்படுகிறார். ஆனால் அங்கேயும் பேருந்து, லாரி ஓட்டப் பத்தாண்டுகள் மருந்தும் இன்றி, வலிப்பும் இன்றி இருந்தாக வேண்டும். நம் நாட்டுப் படிவம் இவ்வாறு கால அளவுகளைப் பிரித்துக் கேட்பதில்லை.

எனவே வலிப்பு வந்த எவரும் ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டும் என்பதே எங்கள் அறிவுரை. அதே வேளையில், நினைவிழந்து விழுந்த எல்லோருக்கும் வலிப்பு நோய் என்று பொருளன்று. நீரிழப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, தாழ்சர்க்கரை ஆகியவற்றாலும் மயக்கம் வரலாம். காரணம் எது என்பதைக் கண்டறிந்தால்தான் தடை தற்காலிகமானதா, நீண்டதா என்று சொல்ல இயலும். நிகழ்வை நேரில் கண்ட உறவினர் உடன் வந்து, கை கால்கள் எப்படி இழுத்தன, எவ்வளவு நேரம் நீடித்தது, நாக்கைக் கடித்தாரா என்று சொல்வது பல பரிசோதனைகளைவிடப் பயன் தரும். மருந்தைத் தாமாக நிறுத்துவதே அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் வருவதற்கு முக்கியக் காரணம் என்பதையும் நினைவில் கொள்க.

மாரடைப்பு, பக்கவாதத்துக்குப் பின் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்?

இந்தியச் சட்டம் இதற்கு நாள் கணக்கு வகுக்கவில்லை. மருத்துவர்கள் பலர் பிரிட்டனின் வழிகாட்டுதலைத் துணைக்குக் கொள்கின்றனர். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, இதயத்தின் இயக்கமும் நன்றாக இருந்தால் கார் ஓட்ட ஒரு வாரம். மற்றவர்களுக்கும் பைபாஸ் அறுவை செய்தவர்களுக்கும் நான்கு வாரம். பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்குக் குறைந்தது ஆறு வாரமும், அதன்பின் இதயத் திறன் சோதனையும் வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் கார் ஓட்ட ஒரு மாதம். கனரக வாகனத்துக்கு ஓராண்டு.

இவை குறைந்த அளவுகளே. பைபாஸ் செய்தவரின் மார்பெலும்பு நன்கு கூட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை இருசக்கர வாகனத்தைத் தாங்கிப் பிடிப்பதும், 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரி மலைப்பாதையில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே ஏறுவதும் வேண்டாம். பக்கவாதத்தில் கை, கால் தேறினாலும் ஒரு பக்கப் பார்வைப் பரப்பு குறைந்திருக்கலாம். நோயாளிக்கே அது தெரியாது. சாப்பிடும்போது தட்டின் ஒரு பாதியை மட்டும் விட்டுவிடுவது, நடக்கும்போது ஒரே பக்கத்தில் இடித்துக்கொள்வது ஆகியவற்றைக் குடும்பத்தார் கண்டால் தெரிவிக்க வேண்டும்.

கண் குறைபாடு உள்ளவர்கள்?

கண்புரை உள்ளவர்களுக்கு எதிரே வரும் விளக்கின் ஒளி சிதறி இரவில் பாதை மறையும். அறுவை செய்துகொண்டால் இது பெரும்பாலும் சரியாகும். கண்ணழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையை ஓசையின்றிக் குறைக்கும். கண் பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டால் பல மணி நேரம் பார்வை மங்கும். அன்று துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். நிறக்குருடு பற்றிய விதி 2020 ஜூன் மாதம் திருத்தப்பட்டது. இலேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்கள் இப்போது உரிமம் பெறலாம்; கடுமையான குறைபாடு உள்ளவர்கள் பெற இயலாது.

எந்த மருந்துகள் தூக்கம் வரவழைக்கும்?

சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் குளோர்பெனிரமின், கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மருந்துகள், அல்பிரசோலம், அமிட்ரிப்டிலின் ஆகியவை கவனத்தைக் குறைக்கும். புதிய மருந்து எதுவாயினும், அது உங்கள் உடலில் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும் வரை ஓட்ட வேண்டாம். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் சளி மருந்துக்கும் இது பொருந்தும்.

மருந்தே இல்லாமலும் தூக்கம் கொல்லும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. மது உள்ளவரின் அளவுக்குக் குறைவதை 1997 ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மி.கி. மட்டுமே. உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திணறல், பகலில் கண் சொருகல் ஆகிய மூன்றும் உள்ள ஓட்டுநர் உறக்க மூச்சுத் தடைக்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு. இரவில் இதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் மனைவியே.

கால் வலுவிழந்தவருக்கு எந்த வகைக் கார் பொருந்தும்?

இடது கால் மட்டும் வலுவிழந்தவருக்குக் கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர் கார் பெரும்பாலும் போதும். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கும் அதுவே எளிது. வலது கால் வலுவிழந்தால் ஆக்ஸிலரேட்டரை இடப்புறம் மாற்றலாம். இரு கால்களும் இயலாதவருக்கு ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் கையால் இயக்கும் கருவிகள் உண்டு. இத்தகைய மாற்றியமைத்த வாகனத்துக்குச் சட்டம் தனி உரிமப் பிரிவே வைத்துள்ளது. மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் சேர்க்க வேண்டும். வாங்குமுன் மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் கலந்துகொள்ளுங்கள். பிரேக்கை முழு வலுவுடன் திடீரென அழுத்த முடிகிறதா என்பதே முதல் சோதனை.

நோயைச் சொன்னால் மருத்துவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பாரா?

நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவ நெறி. நீதிமன்ற ஆணை, அறிவிக்க வேண்டிய தொற்றுநோய், மற்றவர்களுக்கு நேரக்கூடிய கடுமையான, உறுதியான ஆபத்து ஆகியவை மட்டுமே விதிவிலக்குகள். எங்களிடம் பேசுவதால் உரிமம் பறிபோய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. மறைப்பதில்தான் இழப்பு அதிகம். பொய்யான தகவல் தந்து பெற்ற உரிமத்தை அதிகாரிகள் பறிக்கலாம். உடல் தகுதியில்லை என அறிந்தே ஓட்டினால் முதல்முறை 1,000 ரூபாயும், மறுமுறை 2,000 ரூபாயும் வரை அபராதம் விதிக்கலாம். அபராதம் சிறியது, வேனில் பின்னால் அமர்ந்திருப்பவர்களின் உயிருக்கு அப்படி விலை குறிக்க முடியாது.

ஓட்டாவிட்டால் வருமானத்துக்கு என்ன வழி?

உங்கள் தொழிற்சாலை இ.எஸ்.ஐ. திட்டத்தில் உங்களைச் சேர்த்திருந்தால், நோய்க்கால விடுப்புக்கு ஓராண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு, இரண்டாண்டு வரை நீட்டிக்கப்படும். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழப்பதும் அவற்றுள் அடங்கும். சந்தா செலுத்திய நாட்கள் பற்றிய தகுதி விதிகள் உண்டு. கையில் பணம் இல்லாததால் பத்தாம் நாளே லாரியில் ஏறுபவர்கள் பலர், இப்படி ஓர் உரிமை இருப்பதை அறியாதவர்கள். ஓட்டும் வேலைக்குப் பதிலாகச் சில மாதங்கள் கிடங்கிலோ சரக்குக் கணக்கிலோ பணி மாற்றித் தரும்படி முதலாளிக்குக் கடிதம் வேண்டுமென்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை வரும்போது மூன்றைக் கொண்டு வாருங்கள்: உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டு, ஓட்டுநர் உரிமம், எந்த வண்டியை எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்ற விவரம். "ஓட்டலாமா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். இப்போதே ஓட்டலாம், இத்தனை வாரம் கழித்து ஓட்டலாம், இந்த வகை வண்டியை மட்டும் ஓட்டலாம், ஓட்டவே வேண்டாம் என்று அக்கேள்விக்கு விடைகள் பல. அவற்றுள் "ஓட்டவே வேண்டாம்" என்பது ஒன்றே ஒன்று.