காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம்

மதராஸ் ஹன்ட் என்ற பெயரில் வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்கு வளர்த்த நாய்களின் ரத்தத்தில் புதிய ஒட்டுண்ணி ஒன்று இருப்பதை 1910-இல் அறிவித்தவர் டபிள்யூ. எஸ். பேட்டன். பிறகு நரியின் ரத்தத்திலும் அதைக் கண்டார். இன்று உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் ‘பபேசியா கிப்சோனி’ என்று படிப்பது இந்தச் சென்னைச் சரக்கைத்தான். நாம் பொத்தாம்பொதுவாக உண்ணிக் காய்ச்சல் என்கிறோமே, அதில் இதுவும் ஒன்று.

அன்று மைக்ரோஸ்கோப்பை விட்டால் வேறு கதியில்லை. நாயின் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். நுண்குழாய் ரத்தத்தில் ஒட்டுண்ணி அகப்பட வாய்ப்பு அதிகம். அதை ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து, ஜீம்சா சாயம் ஏற்றி, ஒவ்வொரு சிவப்பணுவாகத் தேட வேண்டும். கிப்சோனி மிகப் பொடிசு. பல நேரம் குட்டி மோதிரம்போல அணுவுக்குள் ஒட்டிக் கிடக்கும். சாயத்தூளைப் பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு. நோய் நாள்பட்ட நாய்களில் ஒட்டுண்ணி அருகிவிடும். ஸ்லைடில் ஒன்றும் இராது, நாயோ ஈறு வெளுத்துச் சுருண்டு கிடக்கும்.

இன்று பி.சி.ஆர். அந்த அரிதான ஒட்டுண்ணியின் மரபணுத் துணுக்கையும் பெருக்கிக் காட்டுகிறது. அதைவிடப் பெரிய லாபம், எந்த இனம் என்று சொல்லிவிடுவது. பெரிய வகை பபேசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி கேட்கும். கிப்சோனி அதற்கு எளிதில் மசியாது. அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். இனம் தெரியாமல் வைத்தியம் பார்த்தால் பணமும் நாளும் போகும், சில சமயம் நாயும் போகும்.

இடையில் வந்தவை கோடு காட்டும் கிட்டுகள். எதிர்ப்புப்பொருளைத் தேடும் கிட்டில் கோடு விழுந்தால், அந்தக் கிருமியை நாயின் உடல் எப்போதோ சந்தித்திருக்கிறது என்று பொருள். இப்போதைய காய்ச்சலுக்கு அதுவே காரணம் என்பதற்கு அது சாட்சியாகாது. கோட்டைப் பார்த்ததும் மருந்துச் சீட்டு எழுதுவது அவசரபுத்தி.

பி.சி.ஆர். முடிவுக்குச் சில நாள் காத்திருக்க நேரும். ஸ்லைடில் இழுத்த ஸ்மியரை வந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். ஆகவே பழைய மைக்ரோஸ்கோப்புக்கு ஓய்வு கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை என்பதே என் கட்சி.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் தூக்கிப் போங்கள். முதல் ஊசிக்கு முன்பே பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போனபின் எடுத்தால் ஒட்டுண்ணி இருந்தும் தென்படாமல் போகலாம்.