மரத்தில் இருக்கும், மரத்தை உறிஞ்சாது

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மரக்கிளையில் வேறொரு செடி ஒட்டியிருந்தாலே "புல்லுருவி, வெட்டிப் போடு" என்பார்கள். அரிவாளை எடுக்கும் முன் வேரைப் பாருங்க. புல்லுருவியின் வேர் கிளைக்குள் இறங்கிச் சாறு குடிக்கும். வாண்டா டெசல்லேட்டா என்ற காட்டு ஆர்க்கிட்டின் வேரோ வெளுப்பாக, தடிமனாகப் பட்டைமேல்தான் ஓடும். அதற்கு மரம் வெறும் தங்குமிடம். வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரை உறிஞ்சி வைக்கும். கோடையில் கட்டம் போட்ட பழுப்பு மஞ்சள் இதழோடும் ஊதா உதட்டோடும் மணமாகப் பூக்கும்.

காற்றில் முறிந்த கிளையில் இருந்த ஒரு செடியை எங்க புளியமரத்தில் கட்டி வச்சேன். முறை எளிது. ஐப்பசி மழைக்கு முன்னால், சொரசொரப்பான பட்டையில், காலை வெயில் மட்டும் படும் பக்கம் தேங்காய் நாரால் கட்டணும். மண் அப்பக் கூடாது. வேருக்குக் காற்று வேணும். நனைந்த வேர் பச்சையாகும், காய்ந்தால் வெளுக்கும். கோடையில் வெளுத்ததும் காலையில் தண்ணீர் தெளிச்சாப் போதும். வேர் பட்டையைப் பிடித்தபின் நாரை அவிழ்த்துடலாம். தனி உரம் வேண்டாம்.

நல்லா இருக்கிற செடியை மரத்திலிருந்து பிடுங்காதீங்க. இதன் விதை தூசி போன்றது; உள்ளே சேமிப்பு உணவு கிடையாது. பட்டையில் வாழும் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அதனால் நாற்றங்காலில் விதைச்சுப் பெருக்க முடியாது. பழைய மரம் போனால் இதுவும் போச்சு. வெட்டியே ஆகணும்னா, முதல்ல கிளைகளை அண்ணாந்து பார்த்து, இருக்கிற செடியை வேரோடு அடுத்த மரத்துக்கு மாத்துங்க.