பதவிக்கு ஒரு கடைசி நாள்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் ஆண்டகளூர் கேட் தாண்டி வருகிறது புதுச்சத்திரம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். இந்த ஒன்றியத்தின் கிராமங்களில் ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியக் குழுத் தலைவரையோ, வார்டுகளில் ஜெயித்த கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த இரண்டாவது முறை தெரிந்தவர்களுக்குச் சீனாவின் ஏற்பாடு பாதி புரிந்துவிடும்.

அங்கே மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவது கீழ்மட்டப் பேரவைகளுக்கு மட்டுமே. அதற்கு மேல் ஒவ்வொரு பேரவையும் தனக்கு மேலுள்ள பேரவையைத் தேர்ந்தெடுக்கும். உச்சியில் தேசிய மக்கள் பேரவை. ஏறத்தாழ 3,000 உறுப்பினர்கள். அவர்கள்தான் நாட்டின் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால், போட்டியிடுபவர் ஒருவரே. யார் அந்த ஒருவர் என்பதைக் கம்யூனிஸ்ட் கட்சியின் மேலிடம் முன்பே முடிவு செய்திருக்கும். புதுச்சத்திரத்துக்கும் பெய்ஜிங்குக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

சீனாவில் அதிகாரம் மூன்று பதவிகளில் இருக்கிறது: கட்சியின் பொதுச் செயலாளர், மத்திய ராணுவ ஆணையத்தின் தலைவர், அதிபர். மூன்றில் வலு குறைந்தது அதிபர் பதவிதான். டெங் சியோபிங், மாவோவுக்குப் பின் நாட்டை வழிநடத்திய காலத்தில், அதிபராகவோ பொதுச் செயலாளராகவோ இருந்ததில்லை. ராணுவ ஆணையத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாட்டின் போக்கைத் திருப்பினார். ஹு யாவ்பாங், ஜாவ் ஜியாங் என்று அவர் காலத்துப் பொதுச் செயலாளர்கள் இருவர், 1987-லும் 1989-லும், அடுத்தடுத்துப் பதவி இழந்தார்கள். ஜாவ் 2005-இல் இறக்கும்வரை வீட்டுக் காவலில் இருந்தார்.

அதற்கு முந்தைய வரலாறு இன்னும் கொடியது. அதிபராக இருந்த லியு ஷாவோச்சி 1969-இல் காவலில் இறந்தார். மாவோவின் வாரிசு என்று அதே ஆண்டு கட்சியின் சட்ட விதிகளிலேயே எழுதப்பட்ட லின் பியாவ், 1971-இல் மங்கோலியாவில் விமானம் விழுந்து இறந்தார். 1976 செப்டம்பர் 9 அன்று மாவோ மறைந்தார். ஒரு மாதத்துக்குள் அவருடைய மனைவி உட்பட நால்வர் கைதானார்கள். நேரு 1964 மே 27 அன்று மறைந்தபோது இங்கே நடந்ததை நினைத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு காந்தி ஜயந்தியன்று முதலமைச்சர் பதவியைத் தானாகவே துறந்து, காங்கிரஸ் கட்சித் தலைவராகியிருந்த காமராஜர், அடுத்த பிரதமர் யார் என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். ஜூன் 9 அன்று சாஸ்திரி பிரதமரானார். யாரும் கைதாகவில்லை. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய இரண்டு வாரங்கள் அவை.

மாவோ காலத்துப் பாடத்தைச் சீனத் தலைவர்களும் உணர்ந்தார்கள். 1982 அரசியல் சட்டத்தில், ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்க முடியாது என்று எழுதினார்கள். 2012-இல் ஹு ஜிண்டாவ் கட்சிப் பொறுப்பையும் ராணுவ ஆணையத்தையும் ஒருசேர ஜி ஜின்பிங்கிடம் ஒப்படைத்தபோது, அந்த ஒழுங்கு வேர்விட்டதாகவே பலரும் நம்பினார்கள். 2018 மார்ச்சில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. ஆதரவு 2,958 ஓட்டு, எதிர்ப்பு 2. ஜி 2022-இல் மூன்றாம் முறையாகப் பொதுச் செயலாளரானார், 2023-இல் மூன்றாம் முறையாக அதிபரானார். நம் பிரதமருக்கும் இத்தனை முறைதான் என்ற வரம்பு இல்லை. ஆனால் ஐந்தாண்டுக்குள் மக்களிடம் திரும்பி வந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் நம் காப்பு.

அந்தக் கட்டாயத்தை நாம் எப்படிக் காத்தோம்? 2019 அக்டோபரில் ஜி மாமல்லபுரத்துக்கு வந்தார். அர்ஜுனன் தபசுக்கு முன் அவரும் மோடியும் நின்ற படத்தை எல்லோரும் பார்த்தோம். அன்றைக்குத் தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக் காலம் முடிந்தும், வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போய், மூன்று ஆண்டுகள் அரசு நியமித்த தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019 டிசம்பரில்தான் நாமக்கல் மாவட்டத்துக் கிராமங்கள் ஓட்டுப் போட்டன. அப்படி வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. மறுபடியும் தனி அலுவலர்கள்.

குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால், ஓட்டுக் கேட்டு வந்த தலைவரின் வாசலில் போய் நிற்கலாம். தனி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அடுத்த தேர்தலில் அவரை மாற்ற முடியாது. ஊராட்சியின் காலம் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை. காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. எழுதிய வரம்பைப் பெய்ஜிங்கில் வெளிப்படையாக ஓட்டெடுத்து நீக்கினார்கள். இங்கே சட்டம் அப்படியே இருக்க, நாள் மட்டும் கடந்துபோகிறது. இரண்டையும் பிழை என்றே சொல்வேன்.

கிராம சபைக்குப் போகிறவர்கள், காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்ற தீர்மானத்தை உங்கள் ஊரில் கொண்டுவாருங்கள். பதிவேட்டில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.