மயக்க மருந்தும் முதியோரின் மூளையும்

பூலாம்பாடிப் பக்கத்திலிருந்து இடுப்பெலும்பு முறிவுடன் முதியோர் வரும்போது, உடன் வரும் மகனோ மருமகளோ எங்களிடம் முதலில் கேட்பது எலும்பைப் பற்றியன்று. "முழு மயக்கம் கொடுத்தால் அப்பாயிக்குப் புத்தி குழம்பிவிடுமா? முதுகில் ஊசி போட்டே செய்துவிட முடியாதா?" என்பதே பெரும்பாலும் அவர்களுடைய கேள்வி. இது நியாயமான அச்சம். அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு, மருத்துவமனையை வயற்காடு என்று எண்ணி, "வெங்காயம் காயப் போட்டது நனைகிறது" என்று எழுந்து ஓட முயலும் முதியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இந்நிலையை டெலிரியம் என்கிறோம். திடீரெனத் தோன்றி, ஒரு நாளுக்குள்ளேயே கூடியும் குறைந்தும் மாறும் மனக்குழப்பம் இது. சிலர் கூச்சலிடுவர். வேறு சிலர் பேச்சற்றுச் சோர்ந்து கிடப்பர். இரண்டாம் வகையை "நன்றாகத் தூங்குகிறார்" என்று வீட்டார் எண்ணிவிடுவதால் அது கவனிக்கப்படாமலே போகிறது. பெரும்பாலோர்க்குச் சில நாள்களில் தெளிந்துவிடும். சிலருக்கு மறதி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

முதுகு ஊசி மூளையைக் காக்கும் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. அதைச் சோதிக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 வயது கடந்த, இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. முதுகு ஊசி பெற்றோரிலும் முழு மயக்கம் பெற்றோரிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு டெலிரியம் உண்டாகியிருந்தது. சீனாவில் 950 முதியோரிடம் நடந்த ஆய்வும் இரு முறைகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வதால் முதுகு ஊசி போட இயலாது என்று நாங்கள் சொன்னால், உங்கள் பெரியவரின் மூளையைப் பணயம் வைப்பதாகக் கருத வேண்டாம்.

அப்படியானால் தேர்வில் பொருளே இல்லையா? உண்டு. முதுகு ஊசியோடு உறக்கத்திற்கென்று நரம்பு வழி மருந்தை மிகுதியாகச் செலுத்தினால், அவரும் ஏறத்தாழ முழு மயக்கத்திலேயே இருப்பார். மிடசோலம் போன்ற உறக்க மருந்துகள் முதியோரிடம் குழப்பத்தைக் கூட்டக்கூடும் என்பதால் இயன்றவரை தவிர்க்கிறோம். இரத்த அழுத்தம் நெடுநேரம் தாழாமலும், உயிர்வளி குறையாமலும் காப்பது மருந்தின் பெயரைவிட முக்கியம் என்பது எங்கள் கருத்து. வலியை அடக்காமல் விடுவதும் மூளையைக் குழப்பும். எனவே தொடை நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி இட்டு, வலுவான வலிநீக்கிகளின் அளவைக் குறைக்கிறோம்.

மூளையிலேயே அறுவை செய்யும்போது கணக்கு வேறு. பால் போல வெண்மையான புரோபோஃபால் மூளையின் உயிர்வளித் தேவையைக் குறைத்து, அதற்கேற்ப இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. வாயு வடிவ மயக்க மருந்துகள் அளவு கூடும்போது மூளையின் இரத்தக் குழாய்களை விரிக்கும். கட்டியால் ஏற்கெனவே இறுகிய மண்டையோட்டுக்குள் அந்த விரிவுக்கு இடமில்லை. ஆதலால் அங்கே மருந்துத் தேர்வு உண்மையிலேயே மூளையைக் காக்கும் செயலாகிறது.

எங்களிடம் மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு: மதுப் பழக்கம். "எப்போதாவது" என்று சொல்லப்பட்டவர் நாள்தோறும் அருந்துபவராயின், மது நின்ற இரண்டு மூன்று நாள்களில் கைநடுக்கமும் பிதற்றலும் தொடங்கும். பழி மயக்க மருந்தின்மீது விழும். மானம் கருதி மறைப்பது எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் தனியே அழைத்தாவது சொல்லிவிடுங்கள். முன்னரே தெரிந்தால் தடுக்க மருந்து உண்டு.

அறுவைக்கு வரும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். தூக்க மாத்திரை இருப்பின் அதையும். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட் ஆகியவற்றைத் தொலைந்துவிடும் என்று வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். கண்ணும் காதும் மங்கினால் குழப்பம் விரைவில் பற்றும். இரவில் முகம் தெரிந்த ஒருவர் அருகிலிருந்து, இது மருத்துவமனை, இன்று இன்ன கிழமை என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். வெளிநாட்டிலிருக்கும் மகன் தொலைபேசியில் பேசியதும் அமைதியடைந்த பெரியவர்கள் உண்டு. பேச்சு திடீரென மாறினாலோ, வழக்கத்துக்கு மாறாக உறங்கிக்கொண்டே இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே செவிலியரை அழையுங்கள்.