நீலகிரி: 1960 முதல் 2000 வரை

இருபதாம் நூற்றாண்டின் கடைசி நாற்பது ஆண்டுகளில் நீலகிரி அடியோடு மாறியது. ஆங்கிலேயர் காலத்தில் சென்னை அரசின் கோடைத் தலைநகராகவும் தோட்டத் துரைமாரின் உலகமாகவும் இருந்த மலை, சுதந்திரத்துக்குப் பின் மின்சாரம், தொழிற்சாலை, வானியல், சிறுவிவசாயம் என்று பல முகங்கள் கொண்டது. இவற்றுக்கான முடிவுகள் பெரும்பாலும் டெல்லி, கொழும்பு, மாஸ்கோ போன்ற தொலைதூர ஊர்களில் எடுக்கப்பட்டன. அவற்றால் வாழ்ந்தவர்களும் தவித்தவர்களும் மலைமக்கள்.

இருட்டறையில் ஒரு தொழிற்சாலை

கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அளித்த உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டம் 1960 முதல் மின்சாரம் தரத் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகளில் தேங்கும் நீர் மலைச்சரிவில் இறங்கி, சமவெளியின் ஆலைகளையும் பம்புசெட்டுகளையும் ஓட்டியது.

அதே 1960இல் மத்திய அரசு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. தூசியில்லாத காற்றும் குளிர்ச்சியும் சுத்தமான நீரும் படச்சுருள் தயாரிக்கத் தேவை. மூன்றும் ஊட்டியில் இருந்தன. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சு வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால், பூச்சுக் கூடங்களில் தொழிலாளர்கள் கும்மிருட்டில் வேலை செய்தார்கள். ‘இந்து’ என்ற பெயரில் வந்த கறுப்பு-வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே பிலிமும் நாடெங்கும் ஸ்டூடியோக்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன.

சரிவில் அமைந்த தொலைநோக்கி

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970இல் எழுந்த ரேடியோ தொலைநோக்கி இந்திய அறிவியலின் பெருமை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்த இது, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. 24 பரவளையச் சட்டங்களின் மேல், நீளவாக்கில் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. அவை வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைத் திரட்டி, குவியக்கோட்டில் உள்ள ஏற்பிகளுக்கு அனுப்புகின்றன.

இடத்தேர்வில்தான் ஸ்வரூப்பின் நுட்பம் விளங்கும். முத்தோரை ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்ந்த மலைச்சரிவை அவர் தேடிப் பிடித்தார். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்தது. அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் விடாமல் பின்தொடரலாம். நிலா மறைக்கும் கணத்தைக் கொண்டு தொலைதூர ரேடியோ கேலக்ஸிகளின் இருப்பிடமும் அளவும் இங்கே துல்லியமாகக் கணிக்கப்பட்டன. பிரபஞ்சம் பெருவெடிப்பில் தோன்றியது என்ற கொள்கைக்கு அந்த ஆய்வுகள் வலுச் சேர்த்தன.

உருளைக்கிழங்கிலிருந்து தேயிலைக்கு

மலையின் விவசாயச் சமூகமான படுகரின் ஊர்களில் அப்போது முக்கியப் பணப்பயிர் உருளைக்கிழங்கு. அதன் வேரைத் தாக்கும் நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. மெல்ல மெல்லக் கிழங்குக் காடுகள் தேயிலைக்கு மாறின. 1960களில் தொடங்கிய கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள், ஓரிரண்டு ஏக்கர் வைத்திருந்தவரையும் தேயிலை விவசாயி ஆக்கின. 1962 தேர்தலில் படுகர் சமூகத்தைச் சேர்ந்த அக்கம்மா தேவி நீலகிரித் தொகுதியின் மக்களவை உறுப்பினரானது அந்தக் காலத்தின் மற்றொரு திருப்பம்.

மண்டபம் வழியாக வந்தவர்கள்

1964 அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் நீலகிரியின் மக்கள்தொகையையே மாற்றியது. இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானது. மீதிப் பேரின் கதி 1974இல்தான் தீர்மானிக்கப்பட்டது. தேயிலையை வளர்த்த அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள், மண்டபம் முகாம் வழியாக ஊர் ஊராக அனுப்பப்பட்டார்கள். பிறந்தது முதல் காணாத ‘தாயகம்’ அது. அவர்களுக்கு வேலை தர 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே பிறகு ‘டான்டீ’ என்ற அரசு நிறுவனமாயின. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரிப் பகுதிகளில் அவர்கள் காட்டைத் திருத்திக் கன்று நட்டார்கள். முதுகில் கூடையைக் கட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளும் அதே வேலை. ‘லயன்’ எனப்படும் அதே வரிசை வீடு. பிள்ளைகளின் படிப்பும் சொந்த வீட்டுமனையும்தான் இன்னும் முழுதாகக் கைக்கு வராத கனவு.

நிலமும் காடும்

கூடலூரில் ஜன்மி எனப்படும் பரம்பரை நிலப்பிரபுக்களின் நிலவுடைமையை ஒழிக்க 1969இல் சட்டம் வந்தது. ஆனால் தோட்டக் கம்பெனிகள், குடியேறிகள், வனத்துறை ஆகியோருக்கிடையே வழக்குகள் நீண்டன. காலங்காலமாக அங்கே வாழ்ந்த பணியர், குறும்பர், காட்டுநாயக்கரின் நிலம் சுருங்கிக்கொண்டே போனது. 1988இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கூடலூரில் நில உரிமைப் பேரணி நடத்தியது. கூலியாட்களாக மட்டும் பார்க்கப்பட்டவர்கள் உரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய நாள் அது. இதற்கிடையே 1986இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக, மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில், நீலகிரி அறிவிக்கப்பட்டது.

வெளியூர்க்காரர்கள் மனதில் இந்த மலையை வரைந்தது சினிமா. 1982இல் வந்த ‘மூன்றாம் பிறை’ கேத்தி ரயில் நிலையத்தை மறக்க முடியாததாக்கியது. 1998இல் வந்த மணிரத்னத்தின் ‘உயிரே’ படத்துக்காக மலைரயிலின் கூரைமேல் நடனம் படமானது. படச்சட்டத்துக்கு வெளியே, கட்டடங்கள் பெருகிய சரிவுகளில் மண் சரிந்தது. 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலத்தில் நேர்ந்த நிலச்சரிவு பல உயிர்களைப் பலி கொண்டது.

1991க்குப் பிறகு

1991இல் சோவியத் யூனியன் கலைந்தபோது தென்னிந்தியத் தேயிலை தன் பெரிய வாடிக்கையாளரை இழந்தது. அதே ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தாராளமயம் வெளிநாட்டுப் படச்சுருளுக்குக் கதவைத் திறந்தது. வண்ணப்படத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், 1990களின் நடுவில் ஊட்டி பிலிம் தொழிற்சாலை நலிந்த நிறுவனமாகிவிட்டது. நூற்றாண்டின் இறுதியில் பசுந்தேயிலை விலை பறிகூலிக்கே கட்டாத அளவு சரிந்தது. ஆயிரக்கணக்கான சிறுவிவசாயிகள் நியாய விலை கேட்டுப் போராடினார்கள்.

2000இல் மாவட்ட நிர்வாகம் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம் பிற ஊர்களுக்கு முன்மாதிரியானது. அந்த நாற்பது ஆண்டுகளில் எழுந்தவற்றில் அணைகளும் தொலைநோக்கியும் இன்றும் இயங்குகின்றன. பிலிம் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை, தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு, ஆதிவாசிக்கு நிலப்பட்டா ஆகிய மூன்றும் புதிய நூற்றாண்டின் பொறுப்பாக மிஞ்சின.