இரண்டு வருட நர்சிங்: கடன், சம்பளம், கணக்கில் வராதவர்கள்

அமெரிக்காவில் எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு படித்தால் கடன் எவ்வளவு நிற்கும், சம்பளம் எவ்வளவு வரும் என்று தேடிப் பார்க்க அரசே ஒரு தளம் நடத்துகிறது. காலேஜ் ஸ்கோர்கார்டு என்று பெயர். ஒபாமா காலத்தில் வந்தது. அந்த அட்டவணைகளை நோண்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. நோண்டும்போதெல்லாம் கம்யூனிட்டி கல்லூரிகளின் வரிசையில் ஒரு படிப்பு மேலே வந்து நிற்கும்: இரண்டு வருட நர்சிங். கடன் கம்மி, சம்பளம் ஜாஸ்தி. இது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், இப்படி ஒரு படிப்பு எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே நர்சுகளுக்குப் பெரிய தட்டுப்பாடு. மில்ட்ரெட் மாண்டேக் என்பவர் 1951-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் எழுதிய ஆய்வேட்டில், இரண்டே வருடத்தில் கம்யூனிட்டி கல்லூரியிலேயே நர்சுகளைப் பயிற்றுவிக்கலாம் என்றார். 1952-இல் சில கல்லூரிகளில் சோதித்தும் பார்த்தார்கள். அவர் மனதில் இருந்தது முழு நர்சுக்குக் கீழே வேலை செய்யும் ஒரு டெக்னீஷியன். ஆனால் படித்து வந்தவர்கள் எல்லோரும் எழுதுகிற அதே லைசென்ஸ் தேர்வை எழுதித் தேறிவிட்டார்கள்! இன்றைக்கும் இரண்டு வருடம் படித்தவரும் நாலு வருடம் படித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வுதான், கிடைப்பது ஒரே ஆர்.என். லைசென்ஸ்தான். மலிவான படிப்புக்கு நல்ல சம்பளம் வருவதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

இப்ப கணக்குக்கு வருவோம். உள்ளூர் மாணவருக்கு கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் 2024-25-இல் வருடத்துக்குச் சராசரியாக 4,050 டாலர். ஏழை மாணவருக்குக் கிடைக்கும் பெல் உதவித்தொகையின் உச்சவரம்பு 7,395 டாலர். அப்புறம் எதுக்கு கடன்? வயிற்றுக்கும் வாடகைக்கும்தான். நர்சிங் படிப்பில் பாதி நாள் ஆஸ்பத்திரி வார்டில் போகும். ஏற்கெனவே ஏதோ வேலையில் இருப்பவர் ஷிப்டுகளைக் குறைக்க வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும். வாங்குகிற கடன் பெரும்பாலும் இழந்த கூலிக்கு ஈடு.

மொத்தம் 20,000 டாலர் கடன் என்று வைப்போம். 2024-25-க்கான வட்டி 6.53 சதவீதம், பத்து வருடத் தவணை. மாதம் சுமார் 227 டாலர், வருடத்துக்கு 2,700-க்குக் கொஞ்சம் மேலே. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி மே 2024-இல் ஒரு ஆர்.என்.னின் நடுமட்ட வருடச் சம்பளம் 93,600 டாலர், அதாவது பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. ஆனால் அதில் இருபது வருட அனுபவக்காரரும் இருக்கிறார், நாலு வருடம் படித்தவரும் இருக்கிறார். புதுசாக வருபவருக்கு 65,000 என்று நானாகவே குறைத்து வைத்தாலும் தவணை சம்பளத்தில் 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசு 2023-இல் வகுத்த விதியின் அளவுகோல் 8 சதவீதம். அதில் பாதிதான். நல்ல பேரம், சந்தேகமே இல்லை.

ஆனால் ஸ்கோர்கார்டின் எண்கள் யாருடையவை என்று கேட்க வேண்டும். கடன் எண் மத்திய அரசுக் கடன் வாங்கியவர்களுடையது. தனியார் கடன் அதில் வராது. சம்பள எண்ணில் மேற்படிப்புக்குப் போய்ப் படித்துக்கொண்டிருப்பவர்கள் இல்லை. இன்னொன்று, கம்யூனிட்டி கல்லூரியில் படித்தவர் பெரும்பாலும் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே சேர்வார். கலிபோர்னியாவில் ஆர்.என். சராசரிச் சம்பளம் 1 லட்சத்து 30 ஆயிரம் டாலரைத் தாண்டும். தெற்கு டகோட்டாவில் 70 ஆயிரத்தை ஒட்டித்தான். ஒரு கல்லூரியின் "பட்டதாரி சம்பளம்" உயரமாகத் தெரிந்தால் அது கல்லூரியின் திறமையா, அந்த ஊர் வாடகையின் உயரமா என்று பார்க்கணும். இரண்டு மாநிலக் கல்லூரிகளை இந்த எண்ணை வைத்து ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை வேறு. அந்த வரிசையில் இருப்பவர்கள் படித்து முடித்தவர்கள் மட்டுமே.

"இரண்டு வருடம்" என்பது நர்சிங் பிரிவுக்குள் போன பிறகு ஆரம்பிக்கிற கணக்கு. அதற்கு முன்னால் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கே ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். இடங்களோ குறைவு. வார்டுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிகள் தரும் இடம் குறைவு; வார்டில் கிடைக்கும் சம்பளத்தை விட்டுவிட்டுப் பாடம் நடத்த வருபவர்களும் குறைவு. அதனால் நர்ஸ் ஆகணும் என்று கல்லூரிக்கு வந்து, நர்சிங் வகுப்பையே பார்க்காமல் திரும்புபவர்கள் உண்டு. பெற்றோரைச் சாராத மாணவருக்கு முதல் வருடத்திலேயே 9,500 டாலர் வரை அரசுக் கடன் கிடைக்கும். அந்தக் கடன் அவரோடு வரும், லைசென்ஸ் வராது. நர்சிங் வரிசையில் அவர் பெயரே இருக்காது.

பொருளாதார அறிஞர் சூசன் டைனார்ஸ்கி 2015-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: கடனைக் கட்டமுடியாமல் தவிப்பவர்களில் அதிகம் பேர் பெரிய கடன்காரர்கள் இல்லை, சிறிய கடன்காரர்கள். பாதியில் நின்றவர்களின் கடன் சிறிசாகத்தானே இருக்கும். ஆர்.என். சம்பளத்தில் 20,000-ஐ அடைக்கலாம். கடையில் கல்லாவில் நின்றுகொண்டு 9,000-ஐ அடைப்பது அதைவிடக் கஷ்டம்.

முடித்தவர்களுக்கும் செலவு அத்தோடு நிற்காமல் போகலாம். பெரிய நகர ஆஸ்பத்திரிகள் பல நாலு வருடப் பட்டத்தைத்தான் விரும்புகின்றன. நியூயார்க் மாநிலம் 2017-இல் போட்ட சட்டப்படி புது நர்சுகள் பத்து வருடத்துக்குள் அந்தப் பட்டத்தை முடிக்க வேண்டும். வேலை கொடுத்த ஆஸ்பத்திரியே அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தருவதும் சகஜம். தருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே என்னிடம் யாராவது கேட்டால், ஸ்கோர்கார்டுக்கு முன்னால் இரண்டு எண்களைப் பார்க்கச் சொல்வேன்: அந்தக் கல்லூரியில் லைசென்ஸ் தேர்வில் முதல் முறையே தேறுபவர்கள் எத்தனை சதவீதம், நர்சிங்கில் சேர்ந்தவர்களில் முடிப்பவர்கள் எத்தனை சதவீதம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தேறமாட்டார் என்று தோன்றுபவரை நடுவிலேயே வடிகட்டிவிட்டாலும் தேர்ச்சி சதவீதம் ஜோராகத்தான் இருக்கும்.

இடம் கிடைத்துவிட்டதா, இந்த இரண்டு எண்ணும் நன்றாக இருக்கிறதா, 20,000 கடனுக்கு நான் பயப்படமாட்டேன். முன்பாடங்களிலேயே இருப்பவர் என்றால் கடன் வேண்டாம். வேலையை விடாமல் பருவத்துக்கு ஒரு பாடம் எடுக்கலாம். மேலே சொன்ன சராசரிக் கட்டணத்தில், வருடத்துக்கு 30 கிரெடிட் என்று கொண்டால், 4 கிரெடிட் உடற்கூறியல் பாடத்துக்கு ஏறத்தாழ 540 டாலர்தான் வருகிறது. புத்தகமும் லேப் கட்டணமும் தனி.