ஜெனரல் வீட்டில் ஆர்டிஓ ஆபீஸ்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா, செம்மேட்டுல வல்வில் ஓரி சிலையைப் பார்க்கலாம். ஆடி மாசம் விழாவும் உண்டு. ஆனா அந்த வீரன் வளர்ந்த வீடு? அது சங்க காலத்தோட போச்சு.

நம்ம காலத்துத் தளபதிகள் வீடாவது மிஞ்சுதா? அதுக்கு இன்னொரு மலைக்குப் போகணும்: குடகுல இருக்கிற மடிக்கேரி. அங்க 'சன்னி சைடு'ன்னு ஆங்கிலேயர் காலத்து வீடு ஒண்ணு இருக்கு. 1906-ல் பிறந்த ஜெனரல் திம்மையாவோட குடும்ப வீடு. சின்ன வயசுலயே அவரைப் படிக்க நம்ம குன்னூருக்கு அனுப்பிட்டாங்க.

1948 நவம்பர்ல, 11,000 அடிக்கு மேல இருக்கிற சோஜி லா கணவாய்க்கு டாங்க் ஏத்தி எதிரியைத் திகைக்க வெச்சவர் இவர்தான். 1957-லிருந்து 1961 வரை ராணுவத் தலைமைத் தளபதி. 1965-ல் சைப்ரஸ்ல, ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமை தாங்கிட்டிருந்தப்போ இறந்தார்.

அவர் வீடு? பல வருஷம் ஆர்டிஓ ஆபீஸ்! ஜெனரல் ஓடி விளையாடின இடத்துல ஜனங்க லைசென்ஸுக்கு நின்னாங்க.

கேட்டா கோபம் வரும். ஆனா குடகு மழையில பூட்டிக் கிடக்கிற வீடு சீக்கிரம் இடிஞ்சிடும். ஆள் புழங்கினதால சுவர் நின்னுச்சு; பேர்தான் மறைஞ்சுபோச்சு. முன்னாள் ராணுவத்தினர் விடாம கேட்டதால அது அருங்காட்சியகம் ஆச்சு. 2021 பிப்ரவரி 6 அன்னைக்குக் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வெச்சார்.

உங்க ஊர்லயும் ஏதாவது ஆபீஸ் பழைய வீட்டுல நடக்குதா? அது யார் வீடுன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எங்களுக்கு அனுப்புங்க.